வாயைத் திறந்தால் நெஞ்சைப் பற்றிக் கேட்கிற டாக்டர்

பல் வைத்தியம் என்பது, வாய் நிறையக் கருவிகளை வைத்துக்கொண்டு ஒருவரிடம் கேள்வி கேட்பதும், கருவிகளை எடுத்த பிறகு அவர் சொல்லும் பொய்யைச் சிரிக்காமல் கேட்டுக்கொள்வதும்தான்.

‘தினமும் ஃப்ளாஸ் பண்றேன் டாக்டர்’, அதாவது பல்லிடுக்கில் நூல் விட்டுச் சுத்தம் செய்கிறேன் என்பதுதான் அந்தப் பொய். நீங்களும் சாய்ந்த நாற்காலியில் படுத்து, கண் கூசும் விளக்கைப் பார்த்தபடி இதைச் சொல்லியிருப்பீர்கள். ஆகவே நாம் ஒரே படகில் இருக்கிறோம்; நீங்கள் சொல்லி அலுத்தவர்கள், நான் கேட்டு அலுத்தவள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் கிளினிக். சனிக்கிழமைகளில் கிள்ளானில் இன்னொரு கிளினிக்குக்குப் போவேன். என்னோடு இரண்டு இடத்துக்கும் வருகிறவர் நர்ஸ் ரீத்தா. பல வருஷமாக என் பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிக்கிறவர். என்னைவிட மூத்தவர், நான் பதறும்போது பதறாதவர்.

நான் சும்மா உட்காரத் தெரியாத ஆள். ஒரு நோயாளி இறங்கி அடுத்தவர் ஏறுவதற்குள் அறையை நாலு சுற்றுச் சுற்றிவிடுவேன். கொஞ்ச காலமாக அந்தப் பதற்றத்துக்கு ஒரு காரணமும் சேர்ந்துவிட்டது. ஈறு கெட்டவர்களில் இதய நோய் கூடுதலாகக் காணப்படுகிறது என்கிறார்கள். ஒன்று மற்றதை உண்டாக்குகிறதா, இரண்டும் ஒரே காரணத்தால் வருகின்றனவா என்று கேட்டால், உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்கிறார்கள். தெரியும் என்றால் நிம்மதி. இல்லவே இல்லை என்றாலும் நிம்மதி. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவள்தான் நான்.

ரத்தம் வந்தது, விட்டாச்சு

கீழே சேலைக்கடையில் வேலை பார்க்கும் சரோஜா ஆன்டி, ஃப்ளாஸ் வாங்கி ஒரு வாரம் போட்டுப் பார்த்தாராம். போடும்போதெல்லாம் ரத்தம் வந்ததாம். உடனே நிறுத்திவிட்டதாக, ஏதோ பெரிய ஆபத்திலிருந்து தப்பித்தவரைப் போலச் சொன்னார். நூல் குத்தி வந்த ரத்தமில்லை அது, ஏற்கனவே வீங்கியிருக்கும் ஈறு சிந்துவது என்று சொன்னேன். பிரஷ் போகாத இடுக்கில் அழுக்கு தங்கி ஈறு புண்ணாகிறது, மெதுவாகத் தொடர்ந்து போட்டால் பெரும்பாலும் ரத்தம் குறைந்துவிடும், குறையாவிட்டால் மறுபடி மேலே ஏறி வாருங்கள் என்றேன். ஆன்டிக்குச் சர்க்கரையும் உண்டு. சர்க்கரை ஈறைக் கெடுக்கும், கெட்ட ஈறு சர்க்கரையை ஏற்றும் என்று அதையும் விளக்கினேன். இரண்டும் சேர்ந்தால் நெஞ்சுக்கும் நல்லதில்லை என்று முடித்தேன்.

இவ்வளவையும் நடந்துகொண்டே சொல்லியிருக்கிறேன் போல. ஆன்டி நாற்காலியில் உட்கார்ந்தபடி, பூப்பந்து ஆட்டம் பார்க்கிறவரைப் போல இடமும் வலமும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார். வெளியே போய் ரீத்தாவிடம் அவர் சொன்னது எனக்கும் கேட்டது: “பல்லுக்குத்தான் வந்தேன். இந்தப் பொண்ணு சுகரு, நெஞ்சுன்னு உடம்பு பூரா சுத்திட்டு வந்துருச்சு.”

குட்டையாகும் பல்

கிள்ளானில் ஒரு சனிக்கிழமை முனியாண்டி அண்ணே வந்தார். துறைமுகத்திலிருந்து ஷா ஆலம் தொழிற்சாலைகளுக்குக் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவர். தன் பற்கள் வருஷத்துக்கு வருஷம் குட்டையாகிக்கொண்டே வருகின்றன என்பது அவர் புகார். வாயைத் திறந்து பார்த்தால், பல் அப்படியேதான் இருந்தது. ஈறுதான் வளர்ந்து கீழிறங்கிப் பாதிப் பல்லை மூடியிருந்தது. என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். சட்டைப்பையிலிருந்து பிரஷர் மாத்திரைப் பட்டையை எடுத்துக் காட்டினார். சில பிரஷர் மாத்திரைகள் சிலருக்கு ஈறை இப்படி வளர்த்துவிடும். பல்லில் காரை படிந்திருந்தால் இன்னும் மோசம். அவருக்கு இரண்டும் இருந்தன.

அவருக்கு மருந்து கொடுக்கும் டாக்டரிடம் நானே போனில் பேசினேன். அவர் வேறு மாத்திரைக்கு மாற்றினார். நான் பல தவணையாகச் சுத்தம் செய்தேன். சில மாதங்களில் ஈறு நன்றாகவே சுருங்கியது. ஆனால் முதல் நாள் நான் அவரிடம், மாத்திரைதான் காரணம், ஆனாலும் நீங்களாக அதை நிறுத்திவிடக்கூடாது என்று சொன்னபோது அவர் என்னைப் பார்த்த பார்வை மறக்காது. மாத்திரைப் பட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “சாப்பிட்டா பல்லு போயிரும், சாப்பிடாட்டி ஹார்ட்டு போயிரும். எது வேணும்னு என்னையே கேக்கிறீங்களா டாக்டர்?”

பிடுங்கச் சொன்னவர்

ராஜாமணி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வேலைப் பர்மிட்டில் வந்து, எங்கள் தெருவிலேயே ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக்கடையில் சமையல் வேலை. ஒருநாள் காலை பதினொரு மணி வாக்கில், மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்து நின்றார். இடது பக்கக் கீழ்த்தாடையில் வலி, கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட வேண்டும், மதியக் கூட்டத்துக்கு முன்னால் அடுப்படிக்குத் திரும்ப வேண்டும். இதே வலிக்கு முந்தைய மாதம் வேறொரு கிளினிக்கில் பக்கத்துப் பல்லைப் பிடுங்கிக்கொண்டாராம். வலி போகவில்லையாம். தப்பான பல்லை எடுத்துவிட்டார்கள், சரியான பல் இதுதான் என்று விரல் வைத்துக் காட்டினார்.

தட்டிப் பார்த்தேன், படம் எடுத்துப் பார்த்தேன். அந்தப் பல்லில் ஒரு குறையும் இல்லை. நாற்காலியில் சாய்ந்த கொஞ்ச நேரத்தில் வலியும் போய்விட்டது. எப்போது வலிக்கிறது என்று கேட்டேன். சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு படி ஏறும்போது, மூட்டை நகர்த்தும்போது, இப்போது உங்கள் மாடி ஏறும்போது என்றார். சாப்பிடும்போது? வலிப்பதில்லை. குளிர்ந்த தண்ணீர் குடித்தால்? இல்லை. நெஞ்சில் வர வேண்டிய வலி சிலருக்குத் தாடையில் வரும். இது பல் இல்லை, ஹார்ட்டாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றேன். அவர் எழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் படுத்தால் முதலாளி ஊருக்கு அனுப்பிவிடுவார், அங்கே மூன்று பேர் தன்னை நம்பி இருக்கிறார்கள், நீங்கள் பல்லை மட்டும் எடுங்கள் போதும் என்று கும்பிட்டார். நான் ஆம்புலன்சுக்குப் போன் செய்துகொண்டிருந்தபோது அவர் வாசலுக்கு நடந்தார். ரீத்தா போய் மாடிப்படியின் மேல்படியில் அகலமாக உட்கார்ந்துகொண்டார். தாண்டிப் போக வழியில்லை. ராஜாமணியும் வேறு வழியின்றிப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை ரீத்தா அவரிடம் சாம்பாருக்கு என்ன பொடி போடுவீர்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

அன்று மிச்ச நோயாளிகளை எப்படிப் பார்த்தேன் என்று தெரியாது. சாயங்காலம் நானும் ரீத்தாவும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இதய ரத்தக்குழாய் ஒன்று ஏறக்குறைய முழுக்க அடைத்திருந்ததாம். அதைத் திறந்து ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். கட்டில் பக்கத்தில் ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்து, ரசம் ஊற்றிய சோற்றைக் கரண்டியில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர்தான் அந்த முதலாளி. ஊருக்கு அனுப்புகிற பேச்சே இல்லை. உடம்பு தேறினதும் கல்லாவில் உட்காரட்டும் என்றார். ராஜாமணி அதன்பிறகு ஒருநாள் நிதானமாகப் படியேறி வந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன். முந்தைய மாதம் பல் போன இடத்தில் நாக்கை வைத்துத் தடவிக்கொண்டே கேட்டார்: “அது நல்ல பல்லுல்லா டாக்டர், அதத் திருப்பி வைக்க முடியுமா?”

நாற்காலியில் கேட்ட சத்தம்

காயத்ரி கிள்ளானில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஈறு வீங்கிவிட்டது, சுத்தம் செய்ய வேண்டும் என்று வந்திருந்தார். வேறு நோய் ஏதும் உண்டா என்று ரீத்தா கேட்டதற்கு இல்லை என்றுவிட்டார். நான் கருவியை எடுத்துக்கொண்டு குனிந்த நேரத்தில் ஏர்கான் நின்றுபோனது. அறை அமைதியானது. அப்போது ஒரு சத்தம் கேட்டது. சின்னக் கடிகாரம் ஓடுவதைப் போல டிக், டிக் என்று. அவர் மணிக்கட்டைப் பார்த்தேன், கடிகாரம் இல்லை. ரீத்தாவும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கருவியைக் கீழே வைத்துவிட்டு, இது உங்கள் நெஞ்சிலிருந்தா வருகிறது என்று கேட்டேன். காயத்ரி கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தார்.

இதயத்தில் உலோக வால்வு. சிறு வயதில் வந்த காய்ச்சலில் வால்வு கெட்டுப்போய், சில வருஷங்களுக்கு முன் மாற்றியிருக்கிறார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். இதைச் சொன்னதால் முன்பு போன இடங்களில் அவரைத் தொடவே பயந்து திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அதனால் இந்தமுறை சொல்லவில்லை. ரத்தம் நிற்காமல் போய்விடுமோ என்று பயந்து ஈறுப் பக்கம் பிரஷ்கூட வைப்பதில்லை. ஒரு பல்லின் வேரில் சீழ் இருந்தது. நான் சுழல் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். காய்ச்சல் உண்டா என்று கேட்டேன். சாயங்காலமானால் லேசாக வருகிறது, சில வாரங்களாக, ராத்திரியில் வியர்க்கிறது, ஸ்கூல் வேலை அதிகம், பனடோல் மாத்திரை போட்டுக்கொள்கிறேன் என்றார். ஈறிலிருந்தும் பல்லிலிருந்தும் கிருமி ரத்தத்தில் கலப்பது எல்லோருக்கும் நடக்கிறதுதான். மற்றவர்களுக்கு உடம்பே துடைத்துப் போட்டுவிடும். செயற்கை வால்வு உள்ளவர்களுக்கு அது வால்வில் போய்க் குடியேறலாம். ரத்தம் எடுத்துச் சோதித்தால்தான் தெரியும். அதற்கு முன் நான் யூகத்தில் ஒரு மாத்திரைகூடக் கொடுக்கக்கூடாது, கொடுத்தால் சோதனையில் கிருமி தெரியாமல் போய்விடலாம். அவர் கணவரை வரவழைத்து, அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.

பயந்தது சரியாகப் போயிற்று. வால்வில் கிருமி இருந்தது. வாரக்கணக்கில் ஊசி வழியே மருந்து ஏற்றினார்கள். இடையில் ஒருநாள், நெஞ்சைத் திறந்து வால்வை மாற்ற வேண்டியிருக்கலாம் என்ற பேச்சும் வந்தது. கிள்ளான் போகிற பெடரல் ஹைவேயில் நெரிசலில் நிற்கும்போதெல்லாம் அவர் கணவருக்குப் போன் செய்வேன். கொஞ்ச நாள் கழித்து, நான் கூப்பிடும் நேரம் தெரிந்து அவரே முந்திக்கொண்டு கூப்பிட ஆரம்பித்தார். காய்ச்சல் எப்போது இறங்கும் என்று நான் கேட்பேன். நீங்கள் சாப்பிட்டீர்களா டாக்டர் என்று அவர் கேட்பார். கடைசியில் மருந்து வென்றது. இரண்டாவது ஆபரேஷன் தேவைப்படவில்லை. ஆஸ்பத்திரியிலேயே அந்தப் பல்லையும் எடுத்துவிட்டார்கள். தேறிய பிறகு, இதய டாக்டர் சொன்னபடி முன்கூட்டியே கிருமிக்கு மருந்து சாப்பிட்டுவிட்டு காயத்ரி எங்களிடம் வந்தார். ஈறைச் சுத்தம் செய்தோம். ரத்தத்துக்குப் பயப்படாமல் பல்லிடுக்கில் நூலை எப்படி இறக்கி ஏற்றுவது என்று கண்ணாடி முன் நிற்க வைத்துப் பழக்கினேன். நன்றாகவே செய்தார். நூலைச் சுற்றிக் குப்பையில் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்: “எனக்காவது டிக் டிக்குன்னு கேட்டுச்சு டாக்டர். கேக்காதவங்கள எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

மாப்பிள்ளை

அந்தக் கேள்விக்குப் பிறகு நான் யாரையும் சும்மா விடவில்லை. வருகிறவர்கள் எல்லோரிடமும் வால்வு உண்டா, காய்ச்சல் உண்டா, படியேறினால் வலிக்கிறதா என்று கேட்க ஆரம்பித்தேன். ரீத்தா முன்னறையில் கேட்டதையே நான் மறுபடி கேட்டேன். காஜாங்கிலிருந்து ஒரு தம்பி வந்தார். கல்யாணத்துக்குப் பல்லை வெள்ளையாக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் அப்பாவுக்கு என்ன வயதில் நெஞ்சுவலி வந்தது, சித்தப்பா எப்படி இறந்தார் என்பது வரை விசாரித்துவிட்டேன். வெளியே வரும்போது அவர் முகம்தான் வெள்ளையாகியிருந்தது. போனில் யாரிடமோ, அநேகமாக அந்தப் பெண்ணிடம், சொல்லிக்கொண்டே படியிறங்கினார்: “கல்யாணத்துக்குன்னு போனேன் லா, இவங்க கருமாதிக்கு ரெடி பண்றாங்க.”

நான் சொல்லாதது

எங்கள் சர்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பல் பராமரிப்பு பற்றிப் பேசச் சொன்னார்கள். சொல்லையெல்லாம் அளந்துதான் பேசினேன். ஈறு நோய்க்கும் இதய நோய்க்கும் தொடர்பு காணப்படுகிறது, ஆனால் ஃப்ளாஸ் போட்டால் ஹார்ட் அட்டாக் வராது என்று யாரும் நிரூபிக்கவில்லை, பல்லுக்காகவாவது போடுங்கள், சிகரெட்டை விடுங்கள், சர்க்கரையையும் பிரஷரையும் கவனியுங்கள் என்றேன். முன்வரிசையில் டேனியல் அங்கிள் உட்கார்ந்து தலையாட்டிக் கேட்டார். தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர்.

சில வாரங்கள் கழித்து அவர் மனைவி என்னைத் தேடி வந்து முறையிட்டார். அங்கிள் மூன்று வேளையும் ஃப்ளாஸ் போடுகிறாராம். கொலஸ்ட்ரால் மாத்திரையைத்தான் அன்றோடு நிறுத்திவிட்டாராம். ஃப்ளாஸ் போட்டால் போதும், டாக்டரே மேடையில் சொன்னார் என்று வீட்டில் வாதமாம். வேலை முடிந்ததும் நேராக அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்து, நூல் பல்லிடுக்கைத்தான் சுத்தம் செய்யும், ரத்தக்குழாயைச் சுத்தம் செய்யாது, மாத்திரையை நிறுத்துவதைப் பற்றி உங்கள் டாக்டரைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அங்கிள் வாயைத் திறந்து ஈறைக் காட்டினார். உண்மையிலேயே அருமையான ஈறு. எனக்கு எரிச்சலும் பெருமையும் ஒன்றாக வந்தன. மறுநாளே அவர் தன் டாக்டரிடம் போய் ரத்தம் சோதித்து மாத்திரையைத் திரும்பத் தொடங்கினார். ஆனால் அன்று என்னை வழியனுப்பும்போது வருத்தத்தோடு சொன்னார்: “ரெண்டும் செய்யணும்னா மேடையிலேயே கொஞ்சம் சத்தமா சொல்லியிருக்கலாமேம்மா.”

வீட்டு வாய்

ரீத்தாவின் கணவர் அந்தோணி ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். அவரைப் பல் நாற்காலியில் உட்கார வைக்க ரீத்தா எடுத்த முயற்சிகளை நான் பல வருஷமாகப் பார்த்திருக்கிறேன். கிளினிக் வாசல் வரை வந்து மனைவியை ஏற்றிக்கொண்டு போவார். மேலே ஏற மாட்டார். ஊசி பயம் என்று வெளியே சொல்வதில்லை, பார்க்கிங் இல்லை என்பார். போன வருஷம் அவருக்கு மூச்சுத்திணறல் வந்தது. சோதித்ததில் இதய வால்வு சுருங்கிப்போயிருந்தது, மாற்ற வேண்டும் என்றார்கள். ஆபரேஷனுக்கு நாளும் குறித்தாயிற்று. அதற்கு முன் வாயில் கிருமி எதுவும் இருக்கக்கூடாது, பல் டாக்டர் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் கத்தி வைப்போம் என்றுவிட்டார்கள். புது வால்வில் பழைய சீழ் போய் ஒட்டினால் என்ன ஆகும் என்பதை ரீத்தாவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. காயத்ரியின் நெஞ்சுச் சத்தத்தை என்னோடு சேர்ந்து கேட்டவர் அவர்.

அந்தோணி அண்ணே முதல்முறையாக எங்கள் மாடி ஏறினார். பாதியில் நின்று, இளைப்பாறி, மீதியையும் ஏறினார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். மூன்று பற்கள் போயே ஆக வேண்டும், ஈறெல்லாம் வீக்கம். நாள் நெருங்குகிறது, தள்ளிப்போட்டால் மறுபடி எப்போது இடம் கிடைக்கும் என்று தெரியாது, அதுவரை அந்த வால்வு தாங்குமா என்றும் தெரியாது. இதய டாக்டரிடம் பேசி, மரப்பு ஊசி எவ்வளவு, எது கூடாது என்று கேட்டுக்கொண்டு ஆரம்பித்தேன். எப்போதும் கல்லைப் போல நிற்கும் ரீத்தா பிடித்த குழாய் அன்று பல்லில் மோதிக் கடகடவென்று சத்தம் வந்தது. குழாயை நான் வாங்கிக்கொண்டேன். நீங்கள் அந்தப் பக்கம் போய் அண்ணன் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன். அதிசயமாக என் கால் அன்று அலையவில்லை. ஒரு கையில் குழாய், மறு கையில் குறடு. நின்ற இடத்திலேயே நின்று மூன்றையும் எடுத்து முடித்தேன். அடுத்த தவணையில் ஈறைச் சுத்தம் செய்தேன். ஆறின பிறகு, சரி என்று சொல்லி அனுப்பினேன். ஆபரேஷன் நாளில் ரீத்தாவுக்கு லீவு கொடுத்துவிட்டு, கிளினிக்கையும் பூட்டிவிட்டு நானும் ஆஸ்பத்திரி வராந்தாவில் போய் நடந்தேன். உட்காரும்மா, தலை சுற்றுகிறது என்று பக்கத்திலிருந்த ஒரு சீன ஆன்டி மலாயில் கேட்டுக்கொண்டார். மதியத்துக்கு மேல் டாக்டர் வெளியே வந்து, நல்லபடியாக முடிந்தது என்றார். ரீத்தா அப்போது அழவில்லை.

அந்தோணி அண்ணே வீட்டுக்கு வந்து ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தேன். மெலிந்திருந்தார், ஆனால் மூச்சு சீராக இருந்தது. குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, விரலில் நூலைச் சுற்றிக்கொண்டு திணறிக்கொண்டிருந்தார். ரீத்தா கதவில் சாய்ந்து நின்று, இன்னும் உள்ளே, இன்னும் கொஞ்சம் பின்னால் என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் குரல் கிளினிக்கில் கேட்கிற அதே குரல்தான், முகத்தில் மட்டும் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் துடைத்துக்கொண்டு சொன்னார்: “இத்தன வருஷமா ஊர் வாய்க்கெல்லாம் குழாய் புடிச்சேன் டாக்டர். வீட்டு வாயத் தொறக்க நெஞ்சத் தொறக்க வேண்டியதாப் போச்சு.”

ஆக, பல்வலி என்று சொல்லிக்கொண்டு வருகிறவரை நம்பவும் முடியாமல், ஒன்றுமில்லை என்று சொல்கிறவரை விடவும் முடியாமல், ஃப்ளாஸ் போடுகிறேன் என்கிறவரிடம் மட்டும் எதுவுமே கேட்காமல் பிழைப்பு நடத்துவதற்குப் பெயர்தான் பல் வைத்தியம்.